இடது பக்கம் இறங்கிய சீட்

யாராவது பழைய சைக்கிள் சீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் உடனே அதைக் கையில் வாங்க மாட்டார். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, "இதுல உக்காந்தவங்க யாரு?" என்று கேட்பார். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மலாக்காவிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் மெனக்கெட்டு வருகிற பழைய சைக்கிள் பிரியர்களுக்கு இது பெரிய தொல்லை. நான் கடையில் வாங்கினேன், எவன் உட்கார்ந்தான் என்று எனக்கெப்படித் தெரியும் என்பார்கள். சிலர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், உன் புருஷனுக்கு மண்டையில் ஏதும் ஆகிவிட்டதா என்கிற மாதிரி. நானும் சிரித்துவைப்பேன். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது பாதிப் பொய்.

இவர் பெயர் பரமேஸ்வரன். வயது அறுபத்திரண்டு. நான் இராஜம்மா. கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு வரிசை வீட்டில் முப்பத்துநான்கு வருஷமாக இருக்கிறோம். பதினேழு வயதில் ஒரு குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், ஐம்பத்துமூன்று வயது வரை அங்கேதான் இருந்தார். பஸ் சீட், லோரி சீட், கார் சீட் என்று எது கிழிந்தாலும் பிரித்துப் பஞ்சு அடைத்துத் தைப்பது வேலை. ஒரு லோரி டிரைவர் இறங்கிப் போன பிறகு சீட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இந்த ஆளுக்கு வலது முட்டியில் வலி இருக்கிறது என்பார். மறுநாள் அந்த மனுஷன் முட்டியில் தைலம் மணக்க வந்து நிற்பார். இப்படிப்பட்ட கை இவருக்கு. அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதுகு போன பிறகு பஸ் சீட்டைத் தூக்க முடியவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான் கத்தினேன். அந்தச் சமயத்தில் பழைய வாடிக்கைக்காரர் ஹாஷிம் ஒரு தோல் சீட்டைக் கொண்டுவந்து, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். அது நன்றாக வந்தது. ஹாஷிம் தன் சைக்கிள் கூட்டத்தில் சொன்னார், அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொன்னார்கள். இன்றைக்குச் சீட்டைக் கொடுத்தால் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். மாட்டுத் தோல் வாசற்படி தாண்டக்கூடாது என்று என் மாமியார் ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, சட்டம் போகவில்லை. அதனால் எல்லா வேலையும் வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில்தான். கார் தெருவில் வெயிலில் காய்கிறது.

தோல் சீட் என்றால் இப்போது வருகிற பஞ்சு வைத்த சீட் இல்லை. ஒரே கெட்டித் தோல். முன்னால் மூக்கு போல நீண்ட முனையிலும் பின்னால் வளைந்த இரும்புத் தகட்டிலும் ரிவிட் ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருக்கும். அடியில் ஸ்பிரிங். உள்ளே வேறு ஒன்றும் கிடையாது, ஏறி உட்காருகிற ஆளின் எடைக்குத் தோல்தான் இறங்கிக் கொடுக்க வேண்டும். பத்து வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்தால் அந்த ஆளின் இடுப்பு அதில் பதிந்துவிடும். இவர் ரிவிட்டைக் கழற்றி, தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மரத்தில் செதுக்கிய அச்சின் மேல் இழுத்துக் கட்டி நிழலில் காயவிடுவார். கிழிசலுக்கு அடியில் மெல்லிய தோலை ஒட்டுவார். தேன்மெழுகு தேய்த்து மறுபடி செப்பு ரிவிட் அடிப்பார். சப்பிப்போய் வந்தது நிமிர்ந்து போகும்.

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாதவி வந்தாள். கையில் வெள்ளைக் கோல். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை. கொமுட்டர் ரயிலில் தனியாக வந்து, நிலையத்தில் இறங்கி, யாரையோ கேட்டு எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் 'ஆன்டி' என்றாள். அவளுக்கும் எனக்கும் பதின்மூன்று வயதுதான் வித்தியாசம், 'அக்கா' என்றிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது. அதற்குள் அவள் மடியில் வைத்திருந்த துண்டைப் பிரித்துவிட்டாள்.

கேரி தீவு எஸ்டேட்டில் வேலை பார்த்த அவள் அப்பாவின் சீட் அது. அப்பா தை மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்த அண்ணன், சைக்கிளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டான். லோரியில் ஏற்றுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய் இவள் சண்டை போட்டதில் சீட் மட்டும் கிடைத்திருக்கிறது. கழற்றிய வேகத்தில் பின்பக்கம் இரண்டு ரிவிட் பிய்ந்துவிட்டன.

"இந்த ரெண்டு ரிவிட்ட மட்டும் அடிச்சிக் குடுங்க அங்கிள். வேற ஒன்னும் செய்ய வேணாம்."

தெளிவாகச் சொன்னாள். என் காதிலும் விழுந்தது. அந்த நேரம் பார்த்து கிஷன் அங்கே இருந்தான். செராஸிலிருந்து வருகிறவன், வீடு நிறையப் பழைய சைக்கிள் வைத்திருக்கிறான், நல்லவன்தான், ஆனால் நாக்கில் பூட்டு கிடையாது. "Boss, இது இப்பக் கெடைக்காது லா. யாராச்சும் வித்தா மொதல்ல எனக்கு phone போடுங்க" என்று அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னான். இவர் அவனை முறைத்தார். மாதவி துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

எங்களுக்குப் பிறகு தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்துக் கதை சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

மாதவியின் அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஒரு தடவை எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை இடுப்பில் விழுந்து, அன்றிலிருந்து இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பார், சாய்ந்துதான் உட்காருவார். அந்தச் சைக்கிளில் மகளைப் பின்னால் வைத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில் மண் ரோட்டில் மூன்று மைல் மிதித்து, பள்ளிக்கூட வேன் நிற்கிற இடத்தில் கொண்டுபோய் விடுவார். ஆறு வருஷம். ஸ்பிரிங்கைப் பிடித்தால் விரல் நசுங்கும் என்பதால், சீட்டின் பின்பக்க விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் "புடிச்சாச்சா?" என்று கேட்பார். இவள் "புடிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் மிதியை அழுத்துவார். அவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது, இவளுக்கு முன்னால் இருப்பது தெரியாது, அந்தக் கேள்வியும் பதிலும்தான் இருவருக்கும் நடுவில். ஆறு வருஷம் பிடித்த இடத்தில், விளிம்பின் அடியில் நாலு சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. படம் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. இடது பக்கம் இறங்கிய அந்தத் தோலும் இந்த நாலு பள்ளமும்தான் அவளிடம் மிச்சம்.

இது எதுவும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

அவள் போன பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தொங்கிப்போய், மேலெல்லாம் சுருங்கி, வெடிப்பு விட்டு, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கண் தெரியாத பிள்ளை, அப்பாவும் இல்லை, இரண்டு ரிவிட்டை அடித்துக் கையில் கொடுத்தால் நன்றாகவா இருக்கும், காசும் வாங்க வேண்டாம், முழுசாகச் செய்து கொடுங்கள் என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் ரிவிட் மட்டும் என்றுதானே சொன்னது என்றார் இவர்.

"அதுக்குப் பார்க்கவா முடியும், இது எவ்வளவு கெட்டுக் கெடக்குன்னு?" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். வேறு யாருமில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியும் அரிசி களையும்போதோ துணி காயப்போடும்போதோ இந்த வார்த்தை என் காதிலேயே வந்து விழுகிறது.

இவருக்கும் அந்தப் பெண்ணின் மேல் இரக்கம்தான். முப்பத்தாறு வருஷம் குஷன் கடையில் இருந்தவருக்குப் பள்ளம் என்றால் நிரப்ப வேண்டியது, சாய்வு என்றால் நிமிர்த்த வேண்டியது. வரிசையில் காத்திருந்த சீட்டுகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் அதிலேயே உட்கார்ந்தார். ஊறவைத்தார், அச்சில் கட்டினார், இடது பக்கத்தை இழுத்து வலது பக்கத்துக்குச் சமமாகக் கொண்டுவந்தார். விளிம்பின் அடியில் இருந்த நாலு பள்ளத்தையும் எவனோ கயிறு கட்டிக் கெடுத்திருக்கிறான் என்று நினைத்து, சூடு காட்டிய கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கினார். நான் பக்கத்தில் நின்று, "ஆ, இப்பத்தான் அழகா இருக்கு" என்றேன்.

ஒன்றை மட்டும் தொடவில்லை. பின்பக்க இரும்புத் தகட்டின் அடியில், ஸ்பிரிங் சேருகிற மூலையில், சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அவள் அப்பா வைத்தது, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து புளியங்கொட்டை அளவுக்குத் திரண்டிருந்தது. சாமிக்கு வைத்த சந்தனத்தைக் கத்தி வைத்துச் சுரண்டக்கூடாது, தானாக உதிர்ந்தால் உதிரட்டும் என்பது இவர் கொள்கை. சுத்தியலிலும் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறார். துருவை எல்லாம் தேய்த்து எடுத்தவர் அந்த மூலையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

மாதவி வந்த அன்று நான் உளுந்து வடை சுட்டு வைத்திருந்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு. இவர் சீட்டை அவள் மடியில் வைத்தார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்தாள். பிறகு விரல்களைப் பின்பக்க விளிம்பின் அடியில் கொடுத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினாள், மறுபடி தடவினாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது எங்கப்பாவோடது இல்ல அங்கிள்."

உன் அப்பாவுடையதுதான், நன்றாகச் செய்திருக்கிறேன் என்றார் இவர். அவள் குரலை உயர்த்தவில்லை. அன்றைக்கு ஒருத்தர் இது கிடைக்காது என்று சொன்னாரே, அவருக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பன்னிரண்டு நாள் சோறு தண்ணி மறந்து செய்தவரைத் திருடன் என்கிறாயா, நாங்கள் அப்படிப்பட்ட குடும்பமா என்று வாய்க்கு வந்ததைக் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இவர் என்னைக் கையமர்த்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். ஒவ்வொரு சீட்டையும் பிரிக்கும் முன்னால் படம் எடுத்து வைப்பது இவர் வழக்கம். படத்தைத் தேடி எடுத்து, "இதோ பாரும்மா, பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது" என்று அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

இவருக்கு உறைத்ததும் கை தானாகக் கீழே இறங்கியது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து ஸ்பிரிங் சேருகிற மூலையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அவள் அந்தச் சந்தனத்தைத் தொட்டாள். நகத்தால் லேசாகச் சுரண்டி, விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். ஆயுத பூசை அன்று சந்தனம் குழைத்து அப்பாவிடம் கொடுப்பது அவள் வேலையாம், பன்னீர் அதிகமாக ஊற்றிவிட்டாள் என்று ஒவ்வொரு வருஷமும் திட்டுவாராம். அதை அவள் பிற்பாடுதான் சொன்னாள். அன்றைக்கு விரலை மூக்கருகிலேயே வைத்துக்கொண்டு முகர்ந்துகொண்டே இருந்தாள். அதுதான் சீட் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

"நீங்க மாத்தியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும் அங்கிள்," என்றாள். "எங்கயாச்சும் இருக்கும்னு தேடிப் போயிருப்பேன்."

சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கோலை விரித்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்துக்கொண்டும் போகவில்லை. வடை அப்படியே ஆறிக் கிடந்தது. அன்றைக்கு யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இவர் சுத்தியலைத் தொடவில்லை. சீட்டோடு வந்தவர்களை அடுத்த மாதம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நல்லது செய்யப் போனோம், அது பொல்லாப்பாக முடிந்தது, நம் மனசில் கள்ளம் இல்லையே என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவருக்குச் சொன்னதில் பாதி எனக்கே சொல்லிக்கொண்டது. ஒன்பதாம் நாள் சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"பள்ளத்தப் பார்த்தா நெரப்பறதுதான் எனக்குத் தெரியும் ராஜம். அது யாரு பள்ளம்னு நான் கேக்கவே இல்ல."

பத்தாம் நாள் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் பையில் சீட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடப் போனேன். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் விசாரித்து விசாரித்து அவள் வேலை செய்கிற இடத்தைப் பிடித்தோம். ஒரு கடைவீட்டின் மாடி. படியேறும்போதே தைல வாசனை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் எங்கள் குரலைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

இவர் மன்னிப்பு என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. வேலையைப் பற்றித்தான் பேசினார். நான் இழுத்துக் கட்டினாலும், நாற்பது வருஷம் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் தோல் மெலிந்துதான் இருக்கும், மறுபடி ஊறவைத்தால் அந்த இடம்தான் முதலில் இறங்கும் என்று சொன்னார்.

"எவ்வளவு எறங்கணும்னு எனக்குத் தெரியாதும்மா. ஒங்க கைக்குத் தெரியும். நான் ஊறவச்சித் தரேன், நீங்க அமுத்துங்க."

உள்ளே மசாஜுக்குப் படுத்திருந்த யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை எனக்கு லீவு என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வந்தாள். சீட்டை அச்சில் கட்டாமல் அதனுடைய இரும்பிலேயே தற்காலிகமாக முடுக்கி, சைக்கிளில் இருந்த உயரத்துக்கு ஒரு மரத்தூணில் பொருத்தி வைத்திருந்தார் இவர். மாதவி முன்னால் நின்று தொட்டுப் பார்த்தாள். சரிவரவில்லை. என்னிடம் ஒரு முக்காலி கேட்டாள். அதைச் சீட்டுக்குப் பின்னால் போட்டு, சைக்கிளின் பின்பக்கத்தில் உட்காருவது போல உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தச் சீட்டைப் பின்னாலிருந்துதான் தெரியும். அங்கிருந்துதான் கையை நீட்டினாள்.

இருபது வருஷம் மனுஷ உடம்புகளை அமுக்கிய கை அது. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அமுக்கினாள். தோல் இறுகும்போது இவர் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினார். பிறகு எழுந்து முழங்கையைக் குத்துக்காலாக வைத்து உடம்புப் பாரத்தை அதில் இறக்கினாள். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் நிறைய. அடிக்கடி முக்காலிக்குத் திரும்பிவந்து பின்னாலிருந்து தடவிப் பார்ப்பாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி அமுக்குவாள். நான் தண்ணீர் சுடவைத்துச் சுடவைத்துக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ஆகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து தடவியவள் கையை எடுக்கவே இல்லை.

"இதான்," என்றாள். "அப்பா இப்படித்தான் உக்காருவாரு."

அழுதாள். மறைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது விளிம்பின் அடியில் விரல்களைக் கொடுத்துப் பள்ளம் பதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மண் ரோட்டையும் வேனையும் அந்தக் கேள்வியையும் பதிலையும் பற்றி எங்களுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அமுக்கினாள். நாலு பள்ளம் விழுந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு ஈரப் பெருவிரலால் தேய்த்து அழித்தாள். இன்னொரு தடவை பதித்தாள், இன்னொரு தடவை அழித்தாள். மசாஜ் செய்து தடித்துப்போன விரல்கள் அவளுடையவை. என்ன செய்தாலும் பள்ளம் அகலமாகத்தான் விழுந்தது.

"இது வராது ஆன்டி. அது சின்னப் புள்ள வெரலு."

கரண்டிக் காம்பால் சின்னதாகச் செய்து பார்க்கட்டுமா என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் அங்கிள். நீங்க செஞ்சா அது நீங்க செஞ்சது."

"நான் அழிச்சிட்டேம்மா," என்றார் இவர்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், நம் ஜனங்கள் யார் மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுவோமே. அவள் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு அவள் மேல் மரியாதை கூடியது. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, எப்போது காயும் என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காய்ந்து, ரிவிட் அடித்து, தயாராக இருந்தது. மெழுகு பூசட்டுமா என்று இவர் தொலைபேசியில் முதலிலேயே கேட்டுக்கொண்டார். பூச வேண்டாம் என்றாள், பூசவில்லை. வந்து தடவிப் பார்த்தாள், மூலையில் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தாள், துண்டில் சுற்றாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பிட்டாள். என் ரசத்தில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

ரயில் நிலையம் வரை நாங்களும் போனோம். கொமுட்டர் காலியாக வந்தது. கதவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சீட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, படி இறங்கும்போது பார்த்துப் போ என்று நான் என் வழக்கப்படி பேசிக்கொண்டே இருந்தேன். முப்பத்துநான்கு வருஷத்தில் இந்த மனுஷன் வழியனுப்பப் போன இடத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கதவு மூடப்போகிற மணி அடித்தது. இவர் ஓரடி முன்னால் போனார்.

"புடிச்சாச்சா?" என்று கேட்டார்.

அவள் சட்டென்று குரல் வந்த பக்கம் திரும்பினாள். மடியில் இருந்த கை நகர்ந்து, நாலு விரலும் சீட்டின் பின்பக்க விளிம்பின் அடியில் போய் மடங்கிக்கொண்டன. அந்த இடம் இப்போது வெறும் மட்டமாகத்தான் இருக்கும்.

"புடிச்சாச்சு," என்றாள்.

கதவு மூடிக்கொண்டது, ரயில் கிளம்பியது.